பொறிகளுக்கும் ஒரு தோம்பு

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு இருவகைப் பெயர்கள் உண்டு. ஒரு வகை, அங்கே வாழும் மக்கள் வழங்கி வந்த பெயர். மற்றொரு வகை, 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாய்நாட்டு நகரங்களின் நினைவாக இட்ட பெயர். நெடுந்தீவு அவர்களுக்கு டெல்ஃப்ட் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடெல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். இவற்றுள் டெல்ஃப்ட் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் இன்றுவரை பெரிதும் நிலைத்திருக்கிறது.

பெயர் இட்டவர்கள் அதனோடு அமையவில்லை, கணக்கும் எடுத்தார்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த தோம்பு என்னும் பதிவேட்டு முறையை ஒல்லாந்தர் மேலும் விரிவாக்கினர். இன்ன ஊரில் இன்னார் இருக்கிறார், அவர் இன்ன சாதி, அவருக்கு இவ்வளவு காணி, வரி இவ்வளவு, அவர் ஊழியம் செய்ய வேண்டியவரா அல்லரா என்பனவெல்லாம் அவ்வேட்டில் ஏறின. எழுதியவர் அரசாங்கத்தின் ஆள். எழுதப்பட்டவர் பனைக்கும் கடலுக்கும் நடுவே சீவியம் நடத்திய குடியானவர். தம் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்பதை அவர்களுட் பெரும்பாலோர் வாசித்து அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் வரியும் ஊழியமும் அந்த எழுத்தின்படியே வந்தன. ஒன்று மட்டும் அக்காலத்து மக்களுக்கு வாய்த்திருந்தது: எழுதியவருக்கு ஒரு முகம் இருந்தது. பிழை நேர்ந்தால் இன்னார்தாம் எழுதினார் என்று விரல் நீட்டிச் சொல்லவாவது முடிந்தது.

இக்காலத்திலும் அரசாங்கங்கள் குடிகளைப் பதிவு செய்கின்றன. உதவி கொடுப்பதற்கு அது தேவையுங்கூட. ஆனால் எழுதுவினைஞர் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. எழுதுவது மாத்திரமன்றி, எழுதியதை நிறுத்துப் பார்த்து, இவர் தகுதியுடையவர், இவர் தகுதியற்றவர் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையையும் அது மேற்கொண்டுள்ளது. அத்தீர்ப்புக்கு மக்கள் முன்னே பொறுப்புச் சொல்ல வேண்டியவர் யார்? செயற்கை நுண்ணறிவைப் பற்றிய கொள்கை ஆராய்ச்சியில் உலகெங்கும் இன்று ஆராயப்படும் கேள்விகளுள் தலையாயது இது. பெரிய நகரங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பேசப்படும் இக்கேள்வி தீவகத்துக் குடும்பங்களின் உலைப்பானையோடு எவ்வளவு நெருங்கியது என்பதை நேயர்கள் பின்வரும் செய்தியால் உணரலாம்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து இலங்கையில் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த இத்திட்டம், பழைய சமுர்த்தி உதவிப் பணத்தின் இடத்தைப் பெற்றது. 20 இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவது நோக்கம். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், அடுத்த படியில் 8,500, அதற்கடுத்து 5,000, கடைசிப் படியில் 2,500 என்று தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. எந்தக் குடும்பம் எந்தப் படியில் நிற்கும், அல்லது எப்படியிலும் நில்லாது போகும் என்பதை முடிவு செய்வதற்கு 22 குறிகாட்டிகள் குறிக்கப்பட்டன. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, உடைமைகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளில் அவை அடங்கும். வீடு வீடாகத் திரட்டிய விடைகளுக்குக் கணினி புள்ளியிட்டது. புள்ளியின்படி பட்டியல் வெளிவந்தது. பட்டியல் வெளிவந்ததும், பெயர் விடுபட்டோரும் படி குறைந்தோரும் திரண்டு மேன்முறையிட்டனர். 2023 ஜூலை 10ஆம் திகதி முடிவில் வந்த மேன்முறையீடுகள் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. உதவி பெறக் குறிக்கப்பட்ட 20 இலட்சத்தோடு இத்தொகையை ஒப்பிட்டு நோக்குக.

நடுநிலையோடு பேசுவதாயின் இத்திட்டத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். முந்திய முறையில் அரசியல்வாதியின் கைச்சீட்டும், அலுவலரின் வேண்டுதல் வேண்டாமையும் பட்டியலுக்குள் புகுந்துவிட்டன என்ற குறை நெடுங்காலமாக இருந்தது. அதனைத் துடைப்பதற்காகவே புள்ளிமுறை வந்தது. இயந்திரத்துக்கு உறவினர் இல்லை, கட்சியும் இல்லை. அது மெய்யே. எனினும், இயந்திரத்துக்குக் கணக்கு விதியை எழுதிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. எதைக் கேட்க வேண்டும், எதற்கு எவ்வளவு நிறை கொடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தபோதே பாதித் தீர்ப்பு முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அல்கோரிதம் என்று வழங்குவது இந்தக் கணக்கு விதியைத்தான். அதில் மந்திரம் ஏதும் இல்லை.

அந்த நிறைகோல் தீவகத்தில் எப்படி நிறுக்கும் என்று சிறிது பார்க்கலாம். மின்சாரப் பாவனையை எடுத்துக்கொள்க. நாட்டின் பெருநிலத்தில் மின்சாரம் பொதுவலையமைப்பிலிருந்து வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தவை. அங்கே சூரிய ஒளி, காற்று ஆகியவற்றைக் கொண்டு மின்னாக்கும் கலப்புநிலையங்களை அமைக்க 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. கொழும்பில் ஒரு வீடு குறைந்த மின்சாரம் செலவழிப்பதும், தீவில் ஒரு வீடு குறைந்த மின்சாரம் செலவழிப்பதும் ஒரே செய்தியைச் சொல்லுமா? வறுமை காரணமாகவும் இருக்கலாம். இயந்திரத்தின் சௌகரியமும் காரணமாக இருக்கலாம். எண் மட்டும் இரண்டிடத்தும் ஒன்று.

வீட்டு நிலையும் அவ்வாறே. வீட்டை மதிப்பிட வருகிற எவரும் சுவர் எதனால் ஆனது என்றுதான் முதலிற் பார்ப்பார். நெடுந்தீவிலே கல் என்பது செல்வத்தின் அடையாளமன்று. நிலத்தைக் கிளறினால் வரும் முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டுவது அத்தீவின் வழக்கம். பெருநிலத்தான் ஓலை வேலி அடைக்கிற இடத்தில் நெடுந்தீவான் கல்வேலி வைக்கிறான். இதனைக் கண்டு இவனுக்கு என்ன குறை என்று எழுதிக்கொண்டு போகிறவர், தீவைப் பார்த்தும் பாராதவரே.

காணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் தங்கினர். பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். உறுதி ஒருவர் பெயரில் இருக்க, காணியைக் காத்துக்கொண்டு இருப்பவர் வேறொருவராக இருப்பது தீவகத்திற் சாதாரணம். பத்துப் பரப்புப் பனங்காணியிலே முதிய தாயொருத்தி தனியே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டின்படி அவள் காணியுடையவள். அக்காணியிலிருந்து அவளுக்குக் கிடைப்பதோ விறகும் ஓலையும் சில பனங்கிழங்கும். வெளிநாட்டிலுள்ள பிள்ளை பணம் அனுப்புகிறானா, அனுப்புவதை நிறுத்திவிட்டானா என்பதை அயலார் அறிவர், கேள்விக்கொத்து அறியாது.

கடற்றொழிலாளரின் நிலை இன்னும் சிக்கலானது. வெளிக்களப் பொறி பூட்டிய ஒரு கண்ணாடியிழைப் படகு உடைமைதான்; ஐயமில்லை. ஆனால் 2022 ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் வாங்க முடியாத படகு கரையில் கிடக்கும் மரத்துண்டுக்குச் சமம். படகு வாங்கிய கடனோ கரையிற் கிடப்பதில்லை. வட்டியோடு வளர்ந்துகொண்டே இருக்கும்.

இவையெல்லாம் மனிதர் எழுதிய நிலையான விதியால் வருகிற இடர்கள். உண்மையில் இதனைச் செயற்கை நுண்ணறிவு என்று சொல்வதற்கில்லை. விதி அச்சில் இருக்கிறது, விரும்பினால் வாசிக்கலாம். இதனினும் கடினமானது கற்கும் பொறி. அதற்கு விதியை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பழைய கோப்புகளை ஆயிரக்கணக்கில் ஊட்டுகிறார்கள். முன்னே நடந்த முடிவுகளைப் பார்த்து, அவற்றுக்குப் பின்னாலுள்ள விதியை அது தானே கண்டுகொள்கிறது. கண்ட விதி யாது என்று கேட்டால், செய்தவர்களே தெளிவாக விடை சொல்ல முடியாத நிலை பலமுறை ஏற்படுகிறது.

அத்தகைய பொறி ஏழைகளின் மீது ஏவப்பட்டால் நடப்பது என்ன என்பதை, அனலைதீவுக்குத் தன் பெயரைக் கொடுத்த ரொட்டர்டாம் நகரமே காட்டிற்று. அந்நகரத்தில் ஏறத்தாழ 30,000 பேர் அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்ந்தனர். அவர்களுள் பொய் சொல்லி உதவி பெறுவோர் யாராயிருக்கலாம் என்று ஊகிப்பதற்கு 2017ஆம் ஆண்டு முதல் ஒரு கற்கும் பொறியை நகரசபை பயன்படுத்தியது. முன்னர் விசாரிக்கப்பட்ட 12,707 பேரின் கோப்புகளிலிருந்து அது பாடம் படித்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் 315 விவரங்களை நோக்கிப் புள்ளியிட்டது. வயது, ஆணா பெண்ணா, பிள்ளைகள் உண்டா, டச்சு மொழி சரளமாக வருமா என்பனவும் அவ்விவரங்களுட் சேர்ந்தன. உதவி பெறுபவரின் தோற்றத்தைப் பற்றி அலுவலர் எழுதிவைத்த குறிப்புக்கூட அதில் ஒரு விவரம். புள்ளி உயர்ந்தவரின் வீட்டுக்கு விசாரணை வந்தது. வங்கிக் கணக்கு கேட்கப்பட்டது. செலவுக்கு விளக்கம் கேட்கப்பட்டது. அவர் செய்த குற்றம் பெரும்பாலும், மொழி திருத்தமாகப் பேசத் தெரியாத இளந்தாயாகப் பிறந்ததும் வாழ்ந்ததுமே.

இஃது எப்படி வெளிவந்தது என்பதே இங்கே முக்கியமானது. 2021ஆம் ஆண்டில் அந்நகரத்தின் கணக்காய்வு மன்றம் இப்பொறியைப் பற்றிக் குறை கூறிற்று. அவ்வாண்டிலேயே நகரசபை அதனை நிறுத்திவைத்தது. பின்னர் பத்திரிகையாளர் குழுவொன்று, தகவல் கோரும் சட்டத்தைக் கைக்கொண்டு கேட்டு, அப்பொறியின் உள்ளமைப்பையே பெற்றுக்கொண்டது. அதைத் தாமே இயக்கிப் பார்த்து, யாருக்கு ஏன் புள்ளி கூடுகிறது என்று கணக்கிட்டு 2023 மார்ச் மாதத்தில் வெளியிட்டனர். பொது நலனுக்கான ஆராய்ச்சி என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எளிதிற் கிடையாது. பொறியை ஆக்கியவரின் சொல்லை நம்பாமலும், வெறும் பயத்தினால் எதிர்க்காமலும், அதைப் பிரித்துப் பார்த்து அறிந்ததை மக்களுக்குச் சொன்னார்கள்.

அதே நாட்டில் பிள்ளைப் பராமரிப்பு உதவிப் பணத்திலும் வரித் திணைக்களத்தின் கற்கும் பொறி பெற்றோரைச் சந்தேகத்துக்குள்ளாக்கியது. டச்சுக் குடியுரிமை இல்லாமை சந்தேகத்துக்குரிய குறியாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெற்ற பணம் முழுவதையும் திருப்பிக் கட்டும்படி நிர்ப்பந்திக்கப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரி 15ஆம் திகதி அந்நாட்டு அமைச்சரவை அதன்பொருட்டுப் பதவி விலகிற்று. அயல்நாடாகிய இந்தியாவிலும் இத்தகைய வழக்கு உண்டு. தெலுங்கானா மாநிலத்தில் கணினியின் ஊகத்தைக் கொண்டு இரத்துச் செய்யப்பட்ட ஏறத்தாழ 19 இலட்சம் உணவுப் பங்கீட்டு அட்டைகளை வீட்டுக்குச் சென்று மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

இவற்றுக்குப் பின் ஒல்லாந்தர் செய்த ஒரு காரியம் தீவக மக்களின் கருத்துக்கு உரியது. 2020 செப்டெம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரசபையும் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபையும் தாம் பயன்படுத்தும் கணக்குப் பொறிகளுக்கு ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்கின. 2022 டிசம்பரில் நெதர்லாந்து அரசாங்கம் நாடு முழுவதற்கும் அத்தகைய பதிவேடு ஒன்றைத் திறந்தது. இன்ன அலுவலகம் இன்ன வேலைக்கு இன்ன பொறியை வைத்திருக்கிறது, அது என்ன விவரங்களைப் பார்க்கிறது, மனிதர் அதனை எவ்விடத்தில் மேற்பார்வை செய்கிறார் என்பன அங்கே எழுதப்படுகின்றன, எவரும் வாசிக்கலாம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர் தீவக மக்களுக்குத் தோம்பு எழுதியவர்களின் வழிவந்தோர், இன்று தம் பொறிகளுக்குத் தோம்பு எழுதுகிறார்கள். அன்று ஆள்வோர் குடிகளை வாசித்தனர். இப்பதிவேட்டில் குடிகள் ஆள்வோரின் பொறியை வாசிக்கின்றனர்.

இலங்கைக்கும் அத்தகைய தோம்பு ஒன்று வேண்டும். அது கொழும்பில் ஆங்கிலத்தில் இருந்தாற் போதாது. நெடுந்தீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள பிரதேச செயலகங்களில் தமிழிலே, கையால் தொட்டு வாசிக்கத்தக்க ஏடாக இருத்தல் வேண்டும். இதனால் செலவு பெருகுமே என்று சிலர் சொல்லக்கூடும். 9 இலட்சம் மேன்முறையீடுகளை விசாரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அச்சுக்கூலி பெரிதன்று.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட முடிவு ஒருவரின் உரிமைகளை நீங்காத வகையிற் பாதிக்குமாயின், அதனை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. நல்ல பிரிவு. ஆயின் வேறொரு எழுத்துச் சட்டத்தினால் அதிகாரமளிக்கப்பட்ட முடிவுகளுக்கு அங்கே விலக்கும் வைக்கப்பட்டுள்ளது. நலன்புரி உதவி எப்போதும் ஏதோ ஒரு சட்டத்தின் கீழேயே வருவதால், உரிமை மிகவும் வேண்டப்படுகிற இடத்திலேயே கதவு பாதி சாத்தியிருக்கிறது. அச்சட்டத்தின் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்தத் திகதியும் பின்போடப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய உபாயத்தின் வரைவை அரசாங்கம் 2024இல் வெளியிட்டது. பயிற்சி, தொழில், முதலீடு எல்லாம் வேண்டியவைதாம். அவற்றோடு, உதவி மறுக்கப்பட்டவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் கொள்கை சொல்ல வேண்டும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அரசாங்க உதவிக்குத் தகுதி பார்க்கும் பொறிகளை உயர்ந்த அபாயமுடையவை என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. கொழும்பில் சட்டம் வரைவோர் அதனை அப்படியே பெயர்த்தெழுத வேண்டியதில்லை. அந்த வகுப்பு ஏன் உண்டாயிற்று என்பதை மட்டும் நினைவிற் கொள்ளலாம்.

பொறியைத் தனியார் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கும்போது இன்னொரு தொல்லை எழும். வியாபார இரகசியம் என்று நிறுவனம் உள்ளமைப்பை மறைக்கும். ஆகவே மக்களின் உதவிக்கும் உரிமைக்கும் தீர்ப்புச் சொல்லும் எப்பொறியையும், அதன் நிறைகளை வெளியிடலாம் என்ற நிபந்தனையின்றி அரசாங்கம் வாங்கலாகாது. ஒப்பந்தம் எழுதும் நாளிலே செய்ய வேண்டிய காரியம் இது. பிழை கண்ட பின்னர் கேட்டால் கிடையாது.

இனி, இதனை ஆராய்வது யார்? வெளிநாட்டு அறிஞர் வரும்வரை காத்திருக்க வேண்டிய விடயமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் உண்டு, கணினியியலும் உண்டு. இரு பகுதியினரும் ஒரே படகில் குறிகட்டுவானிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடைவர். அங்கே ஆறு கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில குடும்பங்களைத் தெரிந்து, அவர்களின் உண்மை நிலையை நேரிற் கண்டு எழுதி, கணினி கொடுத்த புள்ளியோடு ஒத்துப் பார்த்தால் நிறைகோல் எங்கே சாய்கிறது என்பது தெரிந்துவிடும். கற்கும் பொறிகள் வருமுன்னே இதனைச் செய்து வைப்பது அவசியம். ஏனெனில் நாளைய பொறி இன்றைய கோப்பைப் படித்தே கற்கப்போகிறது. போரினால் கோப்பு அழிந்த ஊர்களும், இடம்பெயர்ந்து பதிவில் விடுபட்ட குடும்பங்களும் அதன் கண்ணுக்கு இல்லாதவர்கள். இல்லாதவர்களுக்காக அது இரங்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆராய்ச்சி நடக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரசை எவரும் பொது அதிகாரசபையிடம் தமிழிலே தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்று அலுவலர் வினவ முடியாது. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், தகவல் அலுவலரே அதனை எழுதிக்கொள்ளுதல் வேண்டும். தன் குடும்பத்துக்கு 22 குறிகாட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் என்ன புள்ளி வந்தது, எந்த விடையை வைத்து அப்புள்ளி இடப்பட்டது, எவ்வளவு புள்ளியில் கோடு கிழிக்கப்பட்டது, அக்கோட்டைக் கிழித்தவர் யார் என்று ஒருவர் கேட்கலாம். தகவலைக் கொடுப்பதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் முடிவு செய்தல் வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட மேலலுவலரிடம் 14 நாட்களுக்குள் முறையிடலாம். அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆணைக்குழு கொழும்பில் இருக்கிறது. மேன்முறையீட்டைப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். நெடுந்தீவில் அஞ்சலகம் உண்டு.